டிஸ்சார்ஜுக்கு முன்னாடி ஒரு தடவை நர்ஸ் பாக்க பால் குடுங்க

ஆஸ்பத்திரில இருந்து கிளம்பறதுக்கு முன்னாடி, ஒரு தடவை முழுசா நர்ஸை பக்கத்துல நின்னு பாக்க சொல்லிட்டு குழந்தைக்கு பால் குடுங்க. அவங்க பிடிச்சு வச்சு விடக்கூடாது, நீங்களே வைக்கணும், தப்பு இருந்தா அவங்க சொன்னா போதும். பால் நல்லா ஊற ஆரம்பிக்கறதே 3வது நாள் வாக்குல தான், நார்மல் டெலிவரின்னா அதுக்குள்ள வீட்டுக்கு வந்துடறோம், அப்ப சொல்லித்தர ஆள் இருக்காது (பால் பத்தலன்னு சொல்ல மட்டும் பத்து பேர் இருப்பாங்க). குழந்தை வெறும் காம்பை மட்டும் சப்பினா புண்ணாகும், பாலும் சரியா வராது, வாயை பெருசா திறந்து காம்பை சுத்தி இருக்கற கருப்பு பகுதியும் உள்ள போகணும், தாடை மார்புல ஒட்டணும், கீழ் உதடு வெளிய மடங்கி இருக்கணும். மேல இருந்து பாக்கற நமக்கு இது தெரியாது, சைடுல நிக்கறவங்களுக்கு தான் தெரியும். வீட்டுக்கு வந்தப்புறம் வலிச்சா, கிராம சுகாதார செவிலியர் வர்றப்போ இதையே மறுபடி செய்ங்க.

குறைமாசத்துல பொறந்து என்ஐசியூல (பச்சிளம் குழந்தைங்களுக்கான தீவிர சிகிச்சை பிரிவு) இருக்கற குழந்தைக்கு இது ஒத்து வராது, அங்க முதல் நாளே பாலை பீச்சி எடுக்க நர்ஸ்கிட்ட கத்துக்கணும். காய்ச்சலோட மார்பு சிவந்து கட்டினா நேரா டாக்டர்தான்.