கார் நிறுவனக் குடும்பம் ஒன்றின் தலைமுறைகளை ஆராய்வது எப்படி?

ஒரு கார் நிறுவனத்தை ஒரே குடும்பம் தலைமுறைகளாக எவ்வாறு தன்வசம் வைத்திருக்கிறது என்று ஆராய்வோர், வம்சாவளியை வரைவதற்கு முன், பங்குகள் தரும் வாக்குரிமை யாரிடமிருந்து யாருக்குச் சென்றது என்பதை ஆண்டுவாரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

பயிற்சிக்கு ஃபோர்டு குடும்பமே ஏற்றது. 1903இல் தொடங்கிய நிறுவனத்தின் பிற பங்குதாரர்களிடமிருந்த பங்குகளை ஹென்றி ஃபோர்டு 1919இல் விலைக்கு வாங்கிக் குடும்பத்துக்கே உரியதாக்கினார். அடுத்து, இறப்பு ஆண்டுகளைக் குறியுங்கள்: மகன் எட்செல் 1943இலும், தந்தை ஹென்றி 1947இலும் மறைந்தனர். பெருஞ்சொத்துகள் மீதான மரபுரிமை வரி மிகக் கடுமையாக இருந்த அக்காலத்தில், வாக்குரிமையற்ற பங்குகள் 1936இல் நிறுவப்பட்ட ஃபோர்டு அறக்கட்டளைக்குச் சென்றன. வாக்குரிமையுள்ளவை குடும்பத்திடமே தங்கின. கொடையும் வரித்திட்டமும் இங்கே கைகோத்து நடந்தன என்றே எனக்குத் தோன்றுகிறது. 1956இல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்த பிறகும் பிடி தளரவில்லை. ஏன் என்பதை அறிய, பங்குதாரர் கூட்டத்துக்கு முன் ஆண்டுதோறும் வெளியாகும் அறிக்கையில் ‘பி’ வகுப்புப் பங்குகள் பற்றிய பகுதியைப் படியுங்கள். மொத்தப் பங்குகளில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள இவை 40 விழுக்காடு வாக்குகளைத் தருகின்றன. குடும்பத்துக்கு வெளியே விற்றால் சாதாரணப் பங்குகளாகிவிடும். ஆகவே, விற்க விரும்பும் வாரிசும் உறவினரிடமே விற்பது குடும்பத்துக்கு நன்மை.

குடும்பப்பெயரை மட்டும் கொண்டு தேடினால் மகள்கள் விடுபட்டுப்போவர். 1959இல் டைம்லர்-பென்ஸ் வசம் போகவிருந்த பிஎம்டபிள்யூவைக் காப்பாற்றிய ஹெர்பர்ட் குவாண்டின் மகன் ஷ்டெஃபான் குவாண்டும், மகள் சுசானே கிளாட்டனும் சேர்ந்து இன்று அந்நிறுவனத்தில் ஏறத்தாழப் பாதியை வைத்திருக்கின்றனர். செல்வத்தின் தோற்றுவாயையும் தேடுங்கள். ஹெர்பர்ட்டின் தந்தை குந்தரின் தொழிற்சாலைகளில் நாஜி ஆட்சிக்காலத்தில் கட்டாய உழைப்பாளர்கள் வேலைசெய்தனர்; குடும்பமே பணித்த வரலாற்றாய்வு 2011இல்தான் வெளிவந்தது. நிறுவனங்களின் விழா மலர்களை இக்காலகட்டத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

டொயோட்டாவுக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. குடும்பத்தின் நேரடிப் பங்கு மிகச் சிறியது. ஆயினும், நிறுவனர் கீச்சிரோவின் பேரன் அகியோ டொயோடா 2009 முதல் 2023 வரை நிறுவனத்தை நடத்தி, பின்னர் இயக்குநர் குழுவின் தலைவரானார். இத்தகைய இடத்தில், ஆண்டுக் கூட்டத்தில் இயக்குநர் தேர்தலில் பங்குதாரர்களிடம் அவர் பெறும் ஆதரவைத் தொடர்ந்து குறித்துவருவதே வழி: 2022இல் 95 விழுக்காட்டுக்கு மேலிருந்த அது, 2024இல் 72 விழுக்காட்டளவுக்கு இறங்கியது.