பெர்க்லி ட்ரான்ஸ்ஃபர்: முடித்த பாடம் அசிஸ்ட்டில் காணவில்லை

கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜிலிருந்து (இரண்டாண்டுப் படிப்புக் கல்லூரி) யூசி பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு மாற, எந்த காலேஜ் பாடம் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று காட்டும் அசிஸ்ட் தளத்தில் பார்த்தால், நான் முடித்த லீனியர் அல்ஜீப்ராவுக்கு நேரே 'நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்' (ஈடான பாடம் இல்லை) என்றே வந்துகொண்டிருந்தது. கவுன்சலர் பல்கலைக்கழகத்தைக் கேட்கச் சொன்னார், அங்கே கேட்டால் கவுன்சலரிடமே போகச் சொன்னார்கள். சிலபஸ் அனுப்பியும் பதில் இல்லை. அப்புறம்தான் கண்ணில் பட்டது: பாட ஈடு பற்றிய அந்தத் தளத்து ஒப்பந்தம் ஒவ்வொரு காலேஜுக்கும் ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் தனித்தனி, நான் அந்தப் பாடத்தைக் கோடையில் படித்ததோ பக்கத்து காலேஜில். அந்த காலேஜையும் படித்த ஆண்டையும் தேர்ந்தெடுத்ததும் வந்துவிட்டது, அப்பாடா. இன்னொன்று, இரண்டு பாடங்களுக்கு நடுவே சின்னதாக 'அண்ட்' என்று இருந்தால் இரண்டையும் முடித்தால்தான் கணக்கு. இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். விண்ணப்பத்திலும் அதைப் படித்த காலேஜின் கீழேயே போட்டு, இலையுதிர் பருவ கிரேடுகளை ஜனவரி 31க்குள் அப்டேட் செய்தேன்.