கோலாலம்பூர் கிளம்புகிற நம்ம கரைப் பிள்ளைகளுக்கு: வடக்குப் பக்கத்தை நடந்து பாருங்கள்

பனைக்குளம், அழகன்குளம், சித்தார்கோட்டை, புதுவலசை, பெரியபட்டினம் என்று இந்தக் கரையில் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் மலேசியாவில் யாராவது ஒரு சொந்தக்காரர் இருப்பார். நான் 2008இல் திருச்சியில் விமானம் ஏறினேன், 2024இல் ஊருக்குத் திரும்பினேன். நடுவில் 16 வருஷம், முக்கால்வாசி கோலாலம்பூரின் வடக்குப் பக்கத்தில்தான். இப்போது எங்கள் தெருவில் இருந்து மூன்று பேர் கிளம்புகிறார்கள். மூன்று பேருமே வந்து கேட்டது, "காக்கா (அண்ணே), சம்பளம் எவ்வளவு வரும், ரூம் எப்படி இருக்கும்?" அந்த ஊர் எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாலு வருஷம் எனக்குக் கடை, ரூம், வெள்ளிக்கிழமை பள்ளிவாசல், மறுபடி கடை, அவ்வளவுதான். ஒரு ராத்திரி கூடத் தங்கியிருந்த தம்பிக்கு வயிற்று வலி வந்து சுருண்டு விழுந்துவிட்டான். எங்கே தூக்கிக்கொண்டு போவது என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் முதலாளிக்குப் போன் அடித்துக்கொண்டே நின்றேன். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரி எங்கள் ரூமில் இருந்து இரண்டே ஸ்டேஷன் தள்ளி, தித்திவங்சா பக்கத்தில் இருக்கிறது. தினமும் அந்த ரயில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தூங்கியவன் நான். தம்பி பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்த முக்கால் மணி நேரம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. குடியிருக்கும் இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது, யார் இருக்கிறார்கள் என்று தெரிந்து வைப்பதை ஊர் சுற்றுவது என்று நினைக்காதீர்கள். சோறு, தூக்கம் மாதிரி அதுவும் தேவை.

முதலில் பலகை படிக்கப் பழகுங்கள். ஜாலான் என்றால் சாலை, லோரோங் என்றால் சந்து, தாமான் என்றால் குடியிருப்பு, கம்போங் என்றால் கிராமம். உத்தாரா வடக்கு, செலாத்தான் தெற்கு, தீமோர் கிழக்கு, பாராட் மேற்கு. திசை சொல்லும் இந்த நாலு சொல் தெரியாமல்தான் போன முதல் வாரமே மாட்டிக்கொண்டேன். செந்தூல் தீமோரில் இறங்க வேண்டியவன் "செந்தூல்" என்ற எழுத்தைப் பார்த்ததும் ஒரு ஸ்டேஷன் முன்னாலேயே பெட்டியோடு இறங்கி, மழையில் ஒரு மணி நேரம் நின்றேன். இப்போது குழப்பம் இன்னும் கூடியிருக்கிறது. எல்ஆர்டி, கேடிஎம், எம்ஆர்டி என்று மூன்று வகை ரயில் ஓடுகிறது. எல்ஆர்டியில் செந்தூல், செந்தூல் தீமோர் என்று இரண்டு, கேடிஎம் ரயிலில் ஒரு செந்தூல், புதிதாக வந்த எம்ஆர்டியில் செந்தூல் பாராட். நாலும் வேறு வேறு இடம். யாராவது "செந்தூலுக்கு வா" என்றால் எந்த ரயில், எந்த ஸ்டேஷன் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். டச் அண்ட் கோ அட்டை ஒன்றை முதல் நாளே வாங்கிவிட்டால் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

மலாய் பேச்சுக்குப் பயப்படவே வேண்டாம். கடையை அவர்கள் கெடாய் என்கிறார்கள், கப்பலைக் காப்பால், பெட்டியைப் பெத்தி, கட்டிலைக் காத்தில், முதலீட்டை மோடால். எல்லாம் நம்ம கரைகளில் இருந்து கப்பலேறிப் போன சொற்கள்தான். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு அங்கே மாமாக் கடை என்று பெயர், அதுவே மாமா என்று கூப்பிட்டதில் இருந்து வந்ததுதான்.

செந்தூலில் இருந்து தொடங்குங்கள். இங்கே தமிழர் வந்தது ரயிலால். வெள்ளைக்காரன் காலத்தில், 1900க்குப் பிறகு, ரயில் பட்டறை இங்கேதான் அமைந்தது. தமிழ்நாட்டில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் ஆட்கள் வந்து அதைச் சுற்றிக் குடியேறினார்கள். கோயில், தமிழ்ப் பள்ளிக்கூடம், சூசையப்பர் தேவாலயம், குருத்துவாரா எல்லாம் கிட்டக் கிட்ட இருப்பது அதனால்தான். பழைய பட்டறைப் பக்கத்துக் கட்டடம் ஒன்று 2005இல் நாடக அரங்கமாக மாறிவிட்டது, சுற்றிலும் பூங்கா. சாயங்காலம் போய் உட்காரலாம்.

செந்தூல் தமிழர்களிடம் பழகும்போது ஒன்றை மனதில் வையுங்கள். அவர்கள் அங்கேயே பிறந்தவர்கள், பலருக்கு மூன்று நாலு தலைமுறை. பார்த்ததும் "உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டால் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும், அவர்களுக்குச் சொந்த ஊர் செந்தூல்தான். ரிங்கிட்டை வெள்ளி என்பார்கள், ரப்பரைக் கித்தா என்பார்கள், காலையில் பார்த்தால் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார்கள். இந்தக் கடைசிச் சொல்லை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் வீட்டில் உம்மா தினமும் காலையில் சொல்லும் சொல் அது.

அங்கிருந்து ஜாலான் ஈப்போவில் வடக்கே நடந்தால் சீனர் சாப்பாட்டுக் கடைகள், மாமாக் கடைகள், கார் பட்டறைகள் என்று கலந்து போகும். தைப்பூசத் தேர் கிளம்பும் ராத்திரி இந்தச் சாலையில் நிற்பவன் பாக்கியவான். நகரத்துக்குள் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலில் இருந்து வெள்ளித் தேர் கிளம்பி, ஏறத்தாழ 15 கிலோமீட்டர், இந்த வழியாகத்தான் பத்துமலைக்கு வருகிறது. வழி நெடுகத் தண்ணீர்ப் பந்தல். எங்கள் கடை வாசலில் ராத்திரி முழுக்கத் தண்ணீரும் மோரும் ஊற்றிக் கொடுப்போம், பீங்கான் கழுவுகிற வங்காளதேசத்துத் தம்பிகள் கூட வந்து நின்று ஊற்றுவார்கள். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூட்டுக்கு எல்லாச் சனமும் வருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது புதிதாகவே தெரியவில்லை.

பத்துமலையில் பத்து என்பது எண்ணிக்கை இல்லை, மலாயில் பத்து என்றால் கல். அந்த மகாமாரியம்மன் கோயிலைத் தொடங்கிய தம்புசாமிப் பிள்ளை 1890 வாக்கில் அங்கே முருகனை வைத்தார், 1892இல் இருந்து தைப்பூசம் நடக்கிறது. அடிவாரத்துச் சிலை 42.7 மீட்டர், 2006இல் திறந்தார்கள். படி 272. கேடிஎம் ரயில் அடிவாரம் வரைக்கும் போகிறது. காலையில் சீக்கிரமே போனால் வெயிலும் இருக்காது, கூட்டமும் இருக்காது. குரங்குகள் இருக்கும், கையில் பை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி செலாயாங். நம்ம கரைக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் அங்குள்ள மொத்தச் சந்தை, பாசார் போரோங் என்று கேளுங்கள். ஊரே தூங்கும் நேரத்தில் அது விழித்திருக்கும். கடைக்கு மீன் எடுக்க முதலாளியோடு முதல் தடவை போனது அதிகாலை 3 மணி. லாரிகள் பின்பக்கமாக வந்து நிற்கின்றன, ஐஸ் உடைக்கிற சத்தம், தரை முழுக்க மீன் தண்ணீர், ரப்பர் பூட்ஸ் போட்டவர்கள் கத்திக்கொண்டே தள்ளுவண்டி இழுக்கிறார்கள். ஒரு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன், சீலா. இரண்டு விரலால் செவுளைத் தூக்கினால் உள்ளே ரத்தச் சிவப்பு, கண் பளிச்சென்று, வயிறு கல் மாதிரி. பாம்பனில் வாப்பாவோடு கரையில் நின்ற மாதிரியே இருந்தது. சீன வியாபாரி என்னைப் பார்த்து "தெங்கிரி, தெங்கிரி" என்றார். அன்றைக்குத்தான் மீன்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் எழுதினேன். தெங்கிரி நம்ம சீலா, கெம்போங் கானாங்கெளுத்தி, பாரி திருக்கை, சொத்தோங் கணவாய், ஊடாங் இறால், கெத்தாம் நண்டு, பிலிஸ் நெத்திலி. வாவலுக்குப் பெயர் பாவால், கேட்டதும் புரிந்துவிடும். திருக்கையை வாழையிலையில் வைத்துச் சம்பல் தடவிச் சுட்டுத் தருவார்கள், ஒரு தடவையாவது சாப்பிட்டுப் பாருங்கள். இந்த மீன் பெயர்கள் தெரிந்த பிறகுதான் கடையில் என்னைக் கல்லாப் பக்கம் விட்டார்கள், சந்தைக்குத் தனியாக அனுப்பினார்கள், சம்பளமும் ஏறியது.

செலாயாங்கில் பர்மாக்காரர்களும் ரோஹிங்கியாக்களும் நிறையப் பேர். சந்தையில் மூட்டை தூக்குவதில் அவர்கள்தான் அதிகம். அவர்களைப் பற்றி ரூமில் யாராவது தப்பாகப் பேசினால் அப்படியே நம்பிவிடாதீர்கள். ரங்கூனுக்குப் போய்ச் சம்பாதித்து, கடைசியில் கையில் ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தவர்கள் நம்ம பாட்டன் தலைமுறையிலும் இருந்தார்கள். ஒரு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்துப் பேசிப் பாருங்கள்.

மேற்கே ஜிஞ்சாங், கெப்போங் சீனர் பகுதி. ஜிஞ்சாங் 1950களில் கம்யூனிஸ்டுப் போராட்டக் காலத்தில் அரசு சீனர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய புதுக்கிராமம். காலை உணவுக்கடையில் பால் ஊற்றாத கோப்பி ஓ குடித்துவிட்டு, காட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கும் பக்கம் போனால் நகரத்துக்குப் பக்கத்திலேயே நல்ல நிழல் கிடைக்கும். ஹலால் பார்க்கிறவர்கள் பலகையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

தெற்கே நகரத்தை ஒட்டி சௌக்கிட் சந்தை, பக்கத்தில் கம்போங் பாரு. சௌக்கிட்டில் இந்தோனேசியாக்காரர்கள் அதிகம், காய்கறி மலிவு, ராத்திரி ரொம்ப நேரம் கழித்துச் சந்துகளில் தனியாகத் திரிய வேண்டாம். கம்போங் பாரு மலாய்க்காரர்களின் பழைய குடியிருப்பு, மர வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. நோன்பு மாதத்தில் சாயங்காலம் அஸர் தொழுததும் அங்கே போய்விடுங்கள், தெரு முழுக்க நோன்பு திறக்கும் பண்டம். செத்தாப்பாக், கோம்பாக் பக்கம் கல்லூரி மாணவர்கள், ஆப்பிரிக்கர்கள், அரபிகள். ரூம் வாடகை பார்ப்பவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது அந்த நாட்டின் 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டத்திலேயே இருக்கிறது. நான் வேலை பார்த்த முதல் கடையில் மாதம் ஒரு நாள்தான் கொடுத்தார்கள், பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். உங்கள் பாஸ்போர்ட்டை வேறொருவர் பிடித்து வைப்பது அங்கே குற்றம், அதை அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை. உங்களுக்கு நான் சொல்கிறேன். பாஸ்போர்ட், பர்மிட் இரண்டையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், வெளியே போகும்போது பேப்பர் இல்லாமல் போகாதீர்கள், சோதனை எந்த முனையிலும் வரும். இந்தியத் தூதரகம் மோன் கியாராவில் இருக்கிறது, அதுவும் வடக்குப் பக்கம்தான். போலீஸ், ஆம்புலன்ஸ் இரண்டுக்கும் 999.

சரி, முதல் லீவு நாளில் என்ன செய்வது? விடிந்ததும் செந்தூலில் பசியாறிவிட்டு, கேடிஎம் ரயிலில் பத்துமலை, மதியம் மழைக்கு முன்னால் திரும்பி, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒரு நடை நடந்து வழியைக் கண்ணால் பார்த்து வையுங்கள். சாயங்காலம் தித்திவங்சா ஏரிக்கரை. அங்கே மணி நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி, ராத்திரி 10 மணிக்கு நீங்கள் ரூமுக்கு வந்து போன் அடித்தால் இங்கே 7.30, உம்மா மஃரிப் தொழுதுவிட்டு உங்கள் போனுக்காகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். அன்றைக்கு எங்கெல்லாம் நடந்தீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.