அம்பாசடர், பத்மினி: நின்றே கெடும் டயர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி

மாதத்துக்கு நாலு தடவை வெளியே வரும் அம்பாசடரிலோ பிரீமியர் பத்மினியிலோ டயர் பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடுகள்) புதுசு போலவே இருக்கும். ரப்பர் மட்டும் காய்ந்து போயிருக்கும். அதனால் முதலில் தேதியைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் அச்சாகியிருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். சில டயர்களில் இது ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். அது உள்பக்கம் திரும்பியிருந்தால் அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்றே இலக்கம் என்றால் 2000க்கு முந்தைய டயர், யோசிக்காமல் கழற்றுங்கள். ஆறு வருஷம் தாண்டியதை வருஷா வருஷம் சோதியுங்கள். பத்து தாண்டியதை எவ்வளவு பளபளத்தாலும் ஓட்டாதீர்கள்.

சோதிக்கும்போது பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்திலும் ரிம்மை ஒட்டிய ஓரத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்புக்குள் நூல் தெரிந்தாலோ பக்கவாட்டில் புடைப்பு இருந்தாலோ அந்த டயரின் கதை முடிந்தது. பளபளப்புக்காக டீசலோ கிரீஸோ தடவுவது ரப்பரைத்தான் தின்னும். சோப்புத் தண்ணீர் போதும்.

அம்பாசடருக்கு 5.90-15, பத்மினிக்கு 5.20-14 என்பவை கிராஸ் பிளை, அதாவது உள்நூல்கள் சாய்வாகக் குறுக்கிட்டு ஓடும் பழைய வகை டயரின் அளவுகள். உள்நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் இன்றைய ரேடியலுக்கு மாறினால் ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் மாற்றுங்கள். முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ் பிளை என்று கலந்தால் வளைவில் பின்பக்கம் முதலில் சறுக்கிக்கொண்டு போகும். ஈர ரோட்டில் இது விளையாட்டல்ல. ரேடியலுக்கு ரேடியல் டியூப்தான் போட வேண்டும். 'டியூப்லெஸ்தானே, டியூப் எதுக்கு' என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். டயர் வாயை (ரிம்மில் உட்காரும் உள்விளிம்பை) பிடித்து நிறுத்தும் மேடு பழைய ரிம்மில் கிடையாது. காற்று குறைந்த நேரத்தில் வளைத்தால் டயர் உள்ளே நழுவிவிடும்.

டயரைக் கழற்றும் நாள்தான் ரிம்மைப் பார்க்க வாய்ப்பு. அடிக்கடி பஞ்சர் ஆகும் பழைய காரில் ஆணியை மட்டும் தேடிப் பயனில்லை; ரிம்மின் உள்பள்ளத்துத் துருவும் டியூபை அரைத்துக்கொண்டிருக்கலாம். கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, ரெட் ஆக்சைடு ஒரு கோட், மேலே மெல்லிய பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். நட் துளைகளைச் சுற்றி விரிசல் இருந்தால் வெல்டிங் வைத்து ஒப்பேற்றாமல் வேறு ரிம் தேடுங்கள். நட் உட்காரும் சரிவிலும் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதியில்) படியும் முகத்திலும் பெயின்ட் அப்பக் கூடாது; ஓட்டத்தில் அது நசுங்கும், நட் தளரும்.

டயருக்குள் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு, ஸ்டிக்கர் எல்லாவற்றையும் உரித்தெடுங்கள். அந்தக் காகித விளிம்பே டியூபைத் தேய்த்து ஓட்டை போடும். டியூபுக்குப் பவுடர் தூவி உள்ளே வைத்து, காற்று அடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடியுங்கள். உள்ளே மடிந்திருக்கும் டியூப் அப்போதுதான் விரியும். ஓட்டிய பின் வால்வு சாய்ந்து நின்றால், காற்றுக் குறைவால் டயர் ரிம்மில் நகர்ந்து டியூபையும் இழுத்திருக்கிறது. அப்படியே விட்டால் வால்வுக் கழுத்து கிழியும்.

நட்டுகளைக் கையால் திருகி, பிறகு எதிரெதிராக இறுக்குங்கள். கடைசி இறுக்கு காரைத் தரையில் இறக்கிய பிறகு. சரிவில் ஆயிலோ கிரீஸோ படக் கூடாது. 50 முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை பாருங்கள்.

காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன் சோதியுங்கள். காரின் கையேட்டில் உள்ள அளவு அந்தக் காலக் கிராஸ் பிளைக்கானது. ரேடியலுக்குச் சில பிஎஸ்ஐ கூடுதலாகத் தேவைப்படும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு, நடு தேய்ந்தால் அதிகம். உள்ளங்கையைப் பட்டன் மேல் குறுக்கே ஓட்டிப் பாருங்கள்: ஒரு திசையில் வழுவழுப்பு, மறுதிசையில் ரம்பப் பல் போலக் குத்தினால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) தவறியிருக்கிறது. குழிகுழியாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பர்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) பக்கம். இது தெரியாமல் அலைன்மென்ட்டுக்குக் காசு கொடுப்பது வீண். ஆடும் பாகத்தை வைத்துக்கொண்டு எந்த அளவும் நிற்காது.

நைலான் கிராஸ் பிளை ஒரே இடத்தில் நின்றால் தரையில் பட்ட பகுதி தட்டையாகும். முதல் சில கிலோமீட்டர் 'டப் டப்' என்று அதிர்ந்து சூடானதும் சரியாகிவிடும். மாதக்கணக்கில் நின்றது சரியாகாமலும் போகலாம். சில வாரம் நிற்கும் வண்டி என்றால் 5 பிஎஸ்ஐ கூடுதலாக அடித்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைச் சுற்று உருட்டி வையுங்கள். மாதங்கள் நிற்குமென்றால் பின் ஆக்சிலுக்கும் முன் சஸ்பென்ஷனுக்கும் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கி நிறுத்துங்கள். ஆயில் சம்ப்புக்கு (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டிக்கு) அடியில் முட்டு வைக்காதீர்கள். வெல்டிங் மெஷினோ தண்ணீர் மோட்டாரோ ஓடும் ஷெட்டில் விடாதீர்கள். அவை கிளப்பும் ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். ஸ்டெப்னிக்கும் இதே தேதிக் கணக்குதான். அதன் காற்றையும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.