அல்பேனியாவில் கார்ப் பயணம்: கிலோமீட்டரை நம்பாதீர்கள்

அல்பேனியாவின் பரப்பளவு 28,748 சதுர கிலோமீட்டர்; கேரளத்தைவிடச் சிறிய நாடு. மேற்கே அட்ரியாடிக், அயோனியன் கடல்கள், வடக்கிலும் கிழக்கிலும் 2,000 மீட்டரைத் தாண்டும் மலைகள். ஒரே வாரத்தில் முழுவதையும் சுற்றிவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்ததுமே ஆசை வந்துவிடும். கணக்கு பிசகுவது அங்கேதான். கொர்ச்சாவிலிருந்து எர்செக்கா, லெஸ்கோவிக் வழியாகப் பெர்மெட் செல்லும் மலைச்சாலை சுமார் 130 கிலோமீட்டர்தான், ஆனால் அரை நாளை விழுங்கிவிடும். வளைவுக்குப் பின் வளைவு, நடுவில் ஓர் ஆட்டு மந்தை, எதிரே வரும் லாரிக்கு ஒதுங்க ஓரம் தேடும் நேரம் என்று பொழுது கரையும். ஆகவே தூரத்தை எழுதி வைக்காமல், பகல் வெளிச்சத்தில் எத்தனை மணி நேரம் ஓட்ட முடியும் என்பதை எழுதிவைத்துத் திட்டமிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டும் நாள் எதுவும் விடுமுறைக் கணக்கில் சேராது என்பது என் கட்சி.

பலரும் சறுக்கும் இடம் வடக்கு மலைகள். தேத், வல்போனா என்ற இரண்டு பள்ளத்தாக்குகளும் வரைபடத்தில் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. "காலையில் தேத், மாலையில் வல்போனா" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே கார் போகும் சாலையே கிடையாது. இருப்பது ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்கும் நடைபாதை. அதற்கே ஒரு பகல் வேண்டும். காரில்தான் போக வேண்டுமென்றால் ஷ்கோடர் நகருக்குத் திரும்பி வந்து, கோமன் நீர்த்தேக்கத்தில் படகேறி ஃபியர்ஸாவில் இறங்கி, அங்கிருந்து வல்போனா செல்வதுதான் வழக்கமான வழி. படகுப் பயணம் மட்டும் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது.

அந்தப் படகுக்கும் முன்பதிவு இல்லாமல் போவது இன்னொரு தவறு. கோமன் அணையருகே ஒரு சுரங்கப்பாதையைத் தாண்டியதும் சாலை சட்டென்று முடிந்து, பாறைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒடுங்கிய துறை வருகிறது. கார்கள், வேன்கள், மூட்டைகளோடு நிற்கும் உள்ளூர்க்காரர்கள் எல்லோரும் அந்தச் சிறு இடத்தில்தான். ஊழியர் கையசைக்க, வண்டியைப் பின்புறமாகவே ஓட்டிப் படகில் ஏற்ற வேண்டியிருக்கும். கார் ஏற்றும் படகு கோடைப் பருவத்தில்தான் ஓடும், இடமும் சில வண்டிகளுக்குத்தான். நடக்கத் தெம்புள்ளவர்களுக்கு நல்ல வழி, காரை ஷ்கோடரில் விட்டுவிட்டுப் படகு, நடை, வேன் என்று வட்டமடித்துத் திரும்புவது. வாடகைக்கு எடுத்துவிட்டோம் என்பதற்காகக் காரைக் கூடவே இழுத்துத் திரிய வேண்டியதில்லை.

கடலோரத்தில் தவறு வேறு மாதிரி. வ்லோராவிலிருந்து தெற்கே போகும் சாலை லோகரா கணவாயில் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறி, பைன் காடுகளைத் தாண்டியதும் அயோனியன் கடலை நோக்கிக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறது. இந்த நாட்டுக்குக் கார் எடுத்துக்கொண்டு வருவதற்கே அது போதுமான காரணம். 2024இல் மலையைக் குடைந்து சுமார் 6 கிலோமீட்டர் சுரங்கப்பாதை திறந்துவிட்டார்கள். கைபேசி வழிகாட்டி வேகமான பாதையைத்தானே தேடும்? அதன் சொல் கேட்டால் மலையின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிடுவீர்கள். வழியில் லோகரா கணவாயை ஒரு நிறுத்தமாகச் சேர்த்துவிடுங்கள்.

ஆகஸ்டைத் தவிர்த்துவிடுங்கள். தெற்குக் கடற்கரை ஊர்களான க்ஸமில், சரண்டா பக்கம் கார் நிறுத்த இடம் தேடுவதே ஒரு வேலையாகிவிடும். ஜூனும் செப்டம்பரும் கடல், மலை இரண்டுக்கும் ஒத்துவரும். மே மாதத்தில்கூடக் கணவாய்களில் பனி மிச்சமிருக்கலாம்.

ஓட்டும் விஷயத்தில், இந்தியாவிலோ இலங்கையிலோ பழகியவர்களுக்கு முதல் சிக்கல் வலப்பக்கப் போக்குவரத்து. விமான நிலையத்தில் காரை எடுத்து நேரே தலைநகர் டிரானாவின் நெரிசலுக்குள் நுழையாதீர்கள். முதல் இரவை ஊருக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். கம்யூனிச ஆட்சி முடியும்வரை சாதாரண மக்கள் சொந்தக் கார் வைத்திருக்கவே அங்கே அனுமதி இல்லை. நாடு முழுவதும் ஸ்டீயரிங்கைப் பிடித்தது 1990களில்தான். வளைவில் முந்துபவர்களைப் பார்த்துக் கோபப்படுவதைவிட வழிவிட்டுவிடுவது நலம். இரவில் மலைச்சாலை வேண்டவே வேண்டாம். விருந்தினர் இல்லங்களில் காலையிலேயே ராக்கி என்ற சாராயத்தை அன்போடு ஊற்றித் தருவார்கள். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் மது அளவோ ஏறக்குறைய பூஜ்யம்.

சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கியர் வண்டிகள்தான் அங்கே அதிகம். டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் ஆகியவற்றைப் பல காப்பீடுகள் ஏற்பதில்லை. மலையில் அடிபடுவதோ அவைதான். மாண்டினீக்ரோவுக்கோ கிரீஸுக்கோ எட்டிப் பார்க்கும் எண்ணமிருந்தால் வாடகை நிறுவனத்தின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

மலைக் கிராமங்களில் ஏடிஎம்மை எதிர்பார்க்க வேண்டாம். அந்நாட்டு நாணயமான லெக் நோட்டுகளை நகரத்திலேயே எடுத்து வையுங்கள். விலை கேட்கும்போது ஒரு விசித்திரம் உண்டு. 1965இல் பத்துப் பழைய லெக்கை ஒரு புதிய லெக்காக மாற்றினார்கள். பேச்சில் இன்னும் பலர் பழைய கணக்கையே விடவில்லை. காப்பிக்கு ஆயிரம் என்று ஒரு முதியவர் சொன்னால் பதறாதீர்கள். அவர் கேட்பது பெரும்பாலும் நூறுதான். நோட்டைக் காட்டிக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.