நமீபியா: கிலோமீட்டரை நம்பி நாள் குறிக்காதீர்கள்

ஆப்பிரிக்காவின் தென்மேற்கில் இருக்கும் நமீபியாவுக்குப் பயணத் திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தில் தூரத்தைப் பார்த்து நாட்களைப் பிரிக்கிறார்கள். பாதித் தவறுகளுக்கு வேர் அதுதான். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்குக்கும் மேல் பெரிய நாடு; மக்கள்தொகை சுமார் 30 லட்சம். பஸ்ஸை நம்பிப் பாலைவனம் பார்க்க முடியாது. வாடகை வண்டியை எடுத்து நாமே ஓட்டுவதுதான் அங்கே வழக்கம். நம்மூர் போலவே இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதால் அசட்டுத் துணிச்சல் வேறு வந்துவிடுகிறது.

தலைநகர் விண்ட்ஹோக்கிலிருந்து கடற்கரை ஊரான ஸ்வாகோப்முண்டுக்கு ஏறத்தாழ 360 கி.மீ. தார் ரோடு; நாலு மணி நேரத்தில் போய்விடலாம். மணல்மேடுகளுக்கு வாசலான செஸ்ரீமிலிருந்து அதே ஊருக்குப் போனாலும் தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் பெரும்பகுதி சரளைச் சாலை. ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள். சாலை எண் ‘பி’ என்று தொடங்கினால் பொதுவாகத் தார். ‘சி’, ‘டி’ என்றால் சரளையாகவே இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

சரளையில் 80-க்கு மேல் போகாதீர்கள். சாலை நேராக, காலியாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கும். கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும். அந்த வேகத்தில் ஒரு வளைவில் சட்டென்று பிரேக் போட்டாலோ ஸ்டீயரிங்கை ஒடித்தாலோ வண்டி கவிழ்ந்துவிடும். எதிரே ஒரு வண்டிகூட இருக்க வேண்டியதில்லை. சரளையில் டயரில் காற்று கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். எவ்வளவு என்று வண்டி எடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு ஸ்டெப்னி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், ஜாக்கி வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். பெட்ரோல் பங்கைக் கண்டால் அரை டேங்க் இருந்தாலும் நிரப்பிவிடுங்கள். சில இடங்களில் கார்டு செல்லாது, கையில் பணம் இருக்கட்டும்.

இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டவே கூடாது. பெரிய கொம்புள்ள குடு மான் சாலையோரப் புதரிலிருந்து பாய்ந்தால் தப்பிக்க நேரம் இருக்காது. இரவில் நடந்த விபத்துக்குப் பல வாடகை ஒப்பந்தங்களில் காப்பீடும் கிடையாது. ஜூன், ஜூலையில் ஆறு மணியைத் தாண்டியதுமே இருட்டிவிடும்.

சொசஸ்ஃப்ளே மணல்மேடுகளில் விடியல் பார்க்க ஆசைப்பட்டு, செஸ்ரீம் பூங்கா வாசலுக்கு வெளியே அறை எடுப்பவர்கள் ஏமாறுகிறார்கள். வெளிவாசல் சூரிய உதயத்துக்குத்தான் திறக்கும். பூங்காவுக்குள் தங்குகிறவர்களை ஒரு மணி நேரம் முன்பே விடுவார்கள். உள்ளே 60 கி.மீ. தார் ரோடு, கடைசி 5 கி.மீ. ஆழமான மணல். முன்னால் போன வண்டி போய்விட்டதே என்று சாதாரணக் காரை அதில் இறக்காதீர்கள். அந்தத் தூரத்துக்கு மட்டும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஏற்றிப் போகும் வண்டிகள் இருக்கின்றன.

எடோஷா தேசியப் பூங்காவில் விலங்கைத் தேடி நாளெல்லாம் அலைவது வீண் என்பது என் கருத்து. வறண்ட மாதங்களில் நீர்க்குழி அருகே எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் அவையே வரும். ஒகாகுவேயோ முகாமின் நீர்க்குழிக்கு இரவு முழுக்க விளக்கு உண்டு. காண்டாமிருகம் வந்து குடிப்பதை அங்கேயே பார்க்கலாம். அந்த முகாம் அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். கடைசி நேரத்தில் தேடிப் பயனில்லை.

ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்திச் சட்டையோடு போய்விடாதீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அங்கே குளிர்காலம். பாலைவன இரவில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். பெங்குவெலா என்னும் குளிர் நீரோட்டத்தால் ஸ்வாகோப்முண்டில் கோடையிலும் மூடுபனி கவியும். ஸ்வெட்டர் எந்த மாதத்துக்கும் வேண்டும்.

பணத்தில் ஒரு சின்ன விஷயம்: நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒரே மதிப்பு, ராண்டு நமீபியாவில் செல்லும். நமீபிய டாலரைத் தென்னாப்பிரிக்கக் கடையில் நீட்டினால் வாங்கமாட்டார்கள். எல்லை தாண்டும் முன் செலவழித்துவிடுங்கள். நம்மூர்ப் பெரிய மூன்று முள் பிளக் அங்கே அப்படியே பொருந்தும். அந்தப் பிளக்குக்கு அடாப்டர் வேண்டாம்.

அடிஸ் அபாபா வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைத்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்கவேண்டாம். எத்தியோப்பியாவில் விமான நிலையத்தை விட்டு வெளியே போய்விட்டுச் சான்றிதழ் இல்லாமல் இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் ஊசி போடுகிறார்கள். புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

காண்டாமிருகத்தைப் படம் எடுத்தால் இடக்குறிப்பை (லொகேஷன்) அணைத்துவிட்டுப் பகிருங்கள். கொம்புக்காக வேட்டையாடுகிறவர்களுக்கு அந்தக் குறிப்பு போதும். ஹிம்பா பழங்குடி மக்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நமீப் பாலைவனத்தின் சரளைச் சமவெளியில் தடத்தை விட்டு வண்டியை விலக்காதீர்கள். அங்கே தரையில் படர்ந்திருக்கும் லைக்கன்களின் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரிகள்) மேல் டயர் ஏறினால் தடம் பல பத்தாண்டுகளுக்கு அழியாது.