“இந்த வயசுல இப்படித்தான்” என்று விட்டுவிடாதீர்கள்

திண்டுக்கல் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். 46 வயதில், இரண்டாம் மாடி வகுப்புக்குப் போவதற்குள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்பேன். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை. ராத்திரியில் மூன்று முறையாவது எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பையன் பிளஸ் டூ. “இந்த வயசுல இப்படித்தாம்மா இருக்கும்” என்று ஒரு டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை நம்பி ஆறு மாதம் ஓட்டினேன். மாதவிலக்கு நிற்கப்போகும் இந்த வயதில் அசதியும் அதிகப்போக்கும் வந்தால், நீங்கள் அப்படி ஓட்ட வேண்டாம்.

முதல் வேலை, எழுதி வைப்பது. பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரே போதும். தீட்டு நாளில் சிவப்புப் புள்ளி, பக்கத்தில் அன்றைக்கு மாற்றிய நாப்கின் எத்தனை, ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், உடம்பு திகுதிகுவென்று எரிந்து வியர்த்ததா. என் காலண்டரில் தொடர்ந்து ஒன்பது சிவப்புப் புள்ளி இருந்தது. இரண்டாம் நாளில் “11” என்று எழுதியிருந்தேன். “ரொம்பப் போகுது டாக்டர்” என்று வாயால் சொன்னபோது கிடைக்காத கவனம் அந்தத் தாளுக்குக் கிடைத்தது. ஏழு நாளுக்கு மேல் போனாலும், மணிக்கொரு தடவை நாப்கின் மாற்ற வேண்டி வந்தாலும், பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுந்தாலும் அது அதிகப்போக்குதான்.

இந்த வயதில் சில மாதம் முட்டை வெளிவராது. அப்போது புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோன் சரியாகச் சுரக்காது. இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மட்டும் தனியாக வேலை செய்து கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கும். பிறகு அது மொத்தமாகக் கொட்டும். எனக்கு அதோடு கர்ப்பப்பையில் நார்க்கட்டியும் (ஃபைப்ராய்டு, புற்றுநோய் அல்லாத கட்டி) இருந்தது, ஸ்கேனில் தெரிந்தது.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் உள்ள இரும்புச்சத்து இருப்பு), டிஎஸ்ஹெச் (தைராய்டுக்கான பரிசோதனை), சர்க்கரை, பி12 ஆகியவற்றை டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, எனக்கு 7.9. படியில் நின்றதற்குக் காரணம் வயசு இல்லை, ரத்தம் இல்லாததுதான். 45 வயது தாண்டியவர்களுக்கு, மாதவிலக்கு நிற்கப்போகிறதா என்று பார்க்கும் பெண் ஹார்மோன் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படாது, அளவு நாளுக்கு நாள் மாறும். ‘அட்ரினல் களைப்பு’ (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி களைத்துவிட்டது) என்று சொல்லி விற்கும் பொடிகளுக்கும் காசு கொடுக்காதீர்கள். அப்படி ஒரு நோயை மருத்துவம் ஏற்கவில்லை.

இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சைச் சாறோடு போடுங்கள். காபி, டீ, பால் எதையும் அதோடு சேர்க்க வேண்டாம், சத்து உடம்பில் ஒட்டாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். தைராய்டு மாத்திரையும் சாப்பிடுபவர்கள் இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம் விடுங்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் டாக்டர் சொல்லும்வரை நிறுத்தக்கூடாது, உள்ளே இருப்பு சேர வேண்டும்.

“கர்ப்பப்பையை எடுத்துடலாம்” என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். மாத்திரை உண்டா, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் எனக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். எடுத்தே ஆக வேண்டும் என்றால், சினைப்பையையும் சேர்த்து எடுப்பார்களா என்று கேளுங்கள். அதையும் எடுத்தால் மாதவிலக்கு நிற்கும் காலத்துச் சிரமம் எல்லாம் ஒரே நாளில் வந்துவிடும்.

ரத்தம் ஏறியும் எனக்கு அசதி முழுதாகப் போகவில்லை. மிச்சம் தூக்கத்தில் இருந்தது. ராத்திரியில் இறங்கிக் கிடந்து விடியலில் ஏற வேண்டிய கார்ட்டிசால் என்ற ஹார்மோன், தூக்கம் உடைந்துகொண்டே இருந்தால் ஒழுங்கு தப்பும். வீட்டுக்காரர், “என்னை எழுப்பு, வர்றேன்” என்றார். எழுப்புவதற்கு நான் விழித்திருக்க வேண்டுமே! அலாரத்தை அவர் போனில் வைத்தோம். பத்திலிருந்து இரண்டரை வரை அவர், அதன் பிறகு நான். அந்த நாலரை மணி நேரம் நான் பையன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினேன். முதல் வாரம் இருமல் சத்தம் கேட்டாலே கால் தானாகத் தரையைத் தேடியது. எழுந்து போகவில்லை. இரண்டாம் வாரத்தில் சத்தமே காதில் விழவில்லை.

காலண்டரை மட்டும் இன்னும் எழுதுகிறேன். முழுதாக 12 மாதம் புள்ளி விழாமல் போனால்தான் மாதவிலக்கு நின்றது என்று கணக்கு. அதன் பிறகு ஒரு சொட்டு பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போய்விடுங்கள்.